கேசட்டில் பேசிய அம்மா

விடுமுறை வந்தால் மற்ற வீடுகளில் பெட்டி கட்டுவார்கள். எங்கள் வீட்டில் அம்மா கேசட் பதிவு செய்வாள். பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை அவளுக்கு. ஊரே கிளம்பிப் போகிற நாளில் மைக் முன்னால் உட்கார்ந்து எல்லோரையும் வழியனுப்ப வேண்டும். ஒரு நாள் லீவு கேட்டால், "அப்படியே பஸ்ஸையும் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்களேன்" என்பாராம் மேலாளர். அவருக்கு நானும் தம்பியும் வைத்த பெயர் கடுகடுப்பு.

அப்பா தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். சிறப்புப் பேருந்துகள் விடுகிற அந்தப் பதினைந்து நாளும் வீட்டுப் பக்கம் தலைகாட்ட மாட்டார். ஆக, வீட்டில் பத்து வயது நான், ஐந்து வயது தம்பி, ஒரு டேப் ரெக்கார்டர். தம்பியை எல்லோரும் வாண்டு என்றுதான் கூப்பிடுவோம். அவன் செய்கிற சேட்டைக்கு வேறு பெயர் பொருந்தாது.

காலையில் அம்மா கிளம்பிப் போனதும் கேசட்டைப் போடுவேன். "கவனிக்கவும். எட்டு மணிக்கு ரெண்டு பேரும் பால் குடிக்கணும். ஆடையை எடுத்துத் தம்பி டம்ளர்ல போடக் கூடாது. பெரியவளே, உன்னைத்தான் சொல்றேன். இப்ப நிறுத்து." நான் நிறுத்த வேண்டும். பத்து மணிக்கு மறுபடி போட்டால் அடுத்த உத்தரவு வரும். வீட்டில் பேசும்போதும் அந்த அறிவிப்புக் குரல்தான். எனக்கு எரிச்சலாக வரும். "நான் என்ன பஸ்ஸா?" என்று டேப் ரெக்கார்டரைப் பார்த்துச் சண்டை போடுவேன். ஆனாலும் மத்தியானம் வீடு வெறிச்சென்று இருக்கும்போது, கேட்டு முடித்த பால் உத்தரவையே திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நிலையத்துக்கும் அவள் ஒரு கேசட் வைத்திருந்தாள். "உங்கள் உடைமைகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று நாள் முழுக்கக் கத்தினால் தொண்டை என்னத்துக்கு ஆகும்? அதனால் அதையும் வீட்டிலேயே பதிந்து எடுத்துப் போவாள். இரண்டும் ஒரே மாதிரி கேசட்.

அந்த வருடம் கூட்டம் உச்சத்தில் இருந்த நாளில் வாண்டுவுக்குக் காய்ச்சல். அம்மாவுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. மாற்றாள் ஊருக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டு அத்தையும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். "மருந்து எப்ப, எவ்வளவுன்னு எல்லாம் கேசட்ல சொல்லியிருக்கேன், அப்படியே செய்டி கண்ணு" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

எட்டு மணிக்குப் போட்டேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. படிக்கட்டில் நின்று பயணம் செய்யாதீர்கள்." ஓட்டிப் பார்த்தேன், திருப்பிப் போட்டேன். படிக்கட்டைத் தாண்டி ஒன்றும் இல்லை.

வாண்டு பதினொரு மணிக்குள் அனலாகக் கொதித்தான். அலமாரியில் இரண்டு பாட்டில் இருந்தன, ஒன்று வெள்ளை, ஒன்று காபி நிறம். காபி நிறம்தான் பெரியது, பெரியதுதான் பெரிய காய்ச்சலுக்கு என்று நானே முடிவுகட்டினேன். மூடி நிறைய ஊற்றி, அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

தெருவில் ஹாரன் காது கிழிய அலறியது. அம்மா தினமும் ஏறிப் போகிற ஏழாம் நம்பர் பஸ், எங்கள் வாசலில் வந்து நின்றது. கண்டக்டர் இறங்கி ஓடிவந்தார்.

"மைக் அக்கா வீட்டுப் பெரியவளே! வெள்ளை பாட்டில்! அரை மூடி! காபி கலரு உங்கப்பா இருமல் மருந்து, அதைத் தொடக் கூடாதாம்!"

கையில் இருந்ததைப் பார்த்தேன். மூடியை அவசரமாகப் பின்னால் இழுத்ததில் மருந்து பாவாடையெல்லாம் கொட்டியது.

"சாப்பாடு குடுத்துட்டு மருந்து குடு பாப்பா!" என்றாள் ஜன்னலோரப் பெண் ஒருத்தி. பின்னாலிருந்து ஒரு தாத்தா, "பால் ஆடையைத் தம்பிகிட்ட தள்ளாதே!" என்றார். பஸ்ஸே சிரித்தது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

அன்று அம்மா சாயங்காலம் ஆவதற்கு முன்பே வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாண்டுவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். வியர்த்திருந்தது. அப்புறம்தான் தரையில் உட்கார்ந்தாள்.

"மூணு நாள் லீவு" என்றாள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மூன்று நாள் இப்போதும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. எண்ணெய் வைத்துத் தலை பின்னிவிட்டாள். மத்தியானம் மூவரும் ஒரே பாயில் உருண்டு தூங்கினோம். கேசட் இல்லாமல், சும்மா, சாதாரணக் குரலில் பேசினாள். நல்ல மனசு உள்ளவர் என்று கடுகடுப்புக்கு நானும் வாண்டுவும் நன்றி அட்டை வரைந்து கொடுத்தனுப்பினோம். அம்மா அதை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இப்போது எனக்கும் இரண்டு பிள்ளைகள். போன வாரம் பள்ளி விடுமுறை; அலுவலகத்தில் மூச்சுவிட நேரமில்லை. பால், சாப்பாடு, மருந்து என்று என் போனில் ஏழு அலாரம். அலுத்துப்போய் அம்மாவிடம் பொரிந்தேன். "உனக்காவது அந்தக் கடுகடுப்பு மூணு நாள் லீவு குடுத்தாரு. எனக்கு அரை நாள் குடுக்க ஆளில்லை."

"எது, அதுவா? அது லீவு இல்லடி. சஸ்பெண்டு."

"என்னது, சஸ்பெண்டா?"

"மெமோகூட இருக்கு. நிலையத்துல பொறுப்பில்லாம சொந்த விஷயம் பேசினேனாம்."

"கேசட் மாறினது உனக்கு எப்பம்மா தெரிஞ்சுது?"

"'எட்டு மணிக்கு'ன்னு ஆரம்பிச்சதுமே தெரிஞ்சுபோச்சு. கை பட்டன் மேலதான் இருந்துது."

"அப்பவே நிறுத்தியிருக்கலாமே!"

"நிறுத்தத்தான் போனேன். ஜன்னல் வழியா பார்த்தா ஏழாம் நம்பர் கிளம்பத் தயாரா நிக்குது. மருந்துப் பேச்சு வர்ற வரைக்கும் ஓடட்டும்னு விட்டுட்டேன்" என்றாள். அப்புறம், "அந்தக் கண்டக்டருக்கு இன்ஜின் சத்தத்துல கேக்காதோன்னு, சத்தத்தைக் கூட்டி வச்சேன்" என்றாள்.