பேர் போட்டாச்சு

போர்முனையில் ஒரு வீரன் காணாமல் போனால், அவன் மனைவிக்கு அவளுக்கு விளங்கும் மொழியில் உடனே தெரிவிக்க வேண்டும். நான் பணியில் இருந்தபோது எங்களுக்கு இருந்த விதி இது. நல்ல விதி. எழுதியவருக்கு இதயம் இருந்திருக்க வேண்டும். அதைப் படித்தவர்களைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை.

அந்த விதியை நினைத்தால் எனக்கு ஒரு வர்க்கிப் பொட்டலம்தான் கண்முன் வருகிறது. மலைப் பேக்கரிகளின் மொறுமொறு பிஸ்கட். செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி, நெய் ஊறிய பொட்டலம்.

வடக்கே பனிமலையில் சண்டை நடந்த கோடை அது. நான் குன்னூரை ஒட்டிய வெலிங்டன் ராணுவ முகாமில் சிவிலியன் ஊழியன், கணக்குப் பிரிவு. எதிரே வீரர்களின் விவரம் வைத்திருந்த அலுவலகத்துக்குச் சேரம்பாடியிலிருந்து ஒரு பெண் பஸ் மாறி மாறி வந்துகொண்டிருந்தாள். தேயிலை பறிப்பவள். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பியவர்களின் மகள். பட்டாளத்துக்குப் போன கணவனிடமிருந்து கடிதம் நின்றுபோயிருந்தது. போகும்போதெல்லாம் அவளுக்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: சார் லீவு, சார் மீட்டிங், சார் சாப்பிடுகிறார். நாட்டின் எல்லையை இவ்வளவு கவனமாகக் காத்திருந்தால் சண்டையே வந்திருக்காது.

ஒருநாள் அவள் சிரித்த முகமாக வெளியே வந்தாள். நேரே பேக்கரிக்குப் போய்ப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, பஸ்ஸுக்கு நின்ற என்னிடம் நீட்டினாள்.

"எடுத்துக்கங்கய்யா. அவருக்குப் பேர் போட்டாச்சாம்."

"என்ன பேருங்க?"

"இது தெரியாதா உங்களுக்கு? தோட்டத்துல வேலைக்கு வந்தா பேர் போடுவாங்க. பாதியில போனா அரைப்பேரு. அவரு டூட்டியிலதான் இருக்காராம்."

எனக்கு உறுத்தியது. எதிர் அலுவலகத்துக்குள் போய்க் கேட்டேன். எழுத்தர் நிமிரவில்லை.

"காணாமப் போனவங்க லிஸ்ட்ல பேர் போட்டாச்சுன்னு சொன்னனுங்க. தமிழ்லதானுங்க சொன்னேன்."

"அது சந்தோசமாப் போகுதுங்க. வர்க்கி வாங்கிட்டுப் போகுது."

"அதுக்கு நான் என்னங்க பண்றது? தெரிவிச்சாச்சு. கைநாட்டும் வாங்கியாச்சு."

நான் வெளியே ஓடிவருவதற்குள் பஸ் போய்விட்டது. அன்று மாலை அவள் குடியிருந்த தோட்ட லயத்தின் வரிசை வீடுகளில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வர்க்கி தின்றார்கள்.

வேறு யாரும் போகப்போவதில்லை என்று தெரிந்ததால் ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். அவள் வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். கரி படிந்த கையோடு எழுந்தாள்.

"அப்ப அவரு எங்கய்யா இருக்காரு?"

அவளுக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு கேள்விக்குப் பதில். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிய ஒவ்வொரு மனுவிலும் அதுதான் முதல் வரி. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது ஒரே வாக்கியம்: மனுதாரருக்கு ஏற்கெனவே தெரிவிக்கப்பட்டுவிட்டது. கைநாட்டு இருக்கிறதல்லவா? மேல்முறையீடு, நினைவூட்டல், நேரடி விசாரணை என்று எனக்குத் தெரிந்த எல்லா வழிகளிலும் முட்டினேன். எல்லா வழிகளும் அந்தக் கைநாட்டில் போய் நின்றன. கடைசியில் அசைந்தது அலுவலகம் அல்ல, பனி. மறுவருடம் அது உருகியபோது அவன் கிடைத்தான்.

எனக்கு இப்போது ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது. குன்னூர் கடைகளில் வர்க்கி அட்டைப்பெட்டியில் வருகிறது, மேலே மலைப்படம் போட்டு. மகன் வாங்கி வந்தால் தின்கிறேன். தின்றுகொண்டே கோபப்படவும் முடிகிறது, வயது அதைத் தடுக்கவில்லை. அவன் உடல் கிடைத்த செய்தியோடு வந்த பதிலை அவளுக்குப் படித்துக் காட்டியவன் நான். அவள் அழவில்லை. கொழுந்துப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே கேட்டாள்:

"பனிக்குள்ள கெடந்த நாளுக்கெல்லாம் அவருக்குப் பேர் போட்டாங்களாய்யா?"

பதிலில் கையெழுத்தானது பதினான்காம் தேதி. மறுநாள் கொடியேற்றம், இனிப்பு, விடுமுறை. அவள் கைக்கு வந்தது ஆகஸ்ட் பதினாறு.