வெட்டப்படாத பதினாறு பக்கங்கள்

முடிவைப் படிக்காத ஒரு கதையை நம்பி நீங்கள் யாரையாவது பேய் என்று அழைத்திருக்கிறீர்களா? அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். எங்கள் நூலகத்தின் பைண்டரும் ஐம்பத்திரண்டு வயதுவரை இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

பின்னறையில் ஒரு நீள மேசை, தையல் சட்டம், பசைக் கிண்ணம். கிழிந்து வரும் புத்தகங்களைப் பிரித்துத் தைத்து அட்டை போடுவார். உள்ளே படிப்பதில்லை. "படிக்க உக்காந்தா பசை காஞ்சிடும்" என்பார்.

போன மாதம் முதுகு கழன்று வந்தது ஒரு பழைய திகில் நாவல். பன்னிரண்டு வயதில் மாடிப்படிக்கு அடியில் ஒளிந்து அவர் படித்தது. முகம் வெந்த ஒருத்தி மாளிகைக் கிணற்றடியில் நிற்பாள். ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். பசையை மூடிவிட்டுப் படித்தார். அன்று நடுங்கிய இடங்களில் இப்போது சிரிப்பு வந்தது. கடைசி ஃபாரத்தில் அது நின்றது.

பெரிய தாளை மடித்துப் பதினாறு பக்கமாக்கினால் ஒரு ஃபாரம். மடிப்பை வெட்டினால்தான் பக்கம் திறக்கும். இந்த ஒன்று மட்டும் அச்சகத்தின் கத்திக்குத் தப்பியிருந்தது. கிழித்தால் நூலகர் தோலை உரித்துவிடுவார் என்று பயந்து, அன்று அப்படியே திருப்பிக் கொடுத்தது நினைவு வந்தது. "கடைசில என்னடா ஆச்சு?" என்று கேட்ட பையன்களிடம், "அவதான் எல்லாரையும் கொன்னு கிணத்துல போட்டுட்டா" என்று சொந்தச் சரக்கை அவிழ்த்துவிட்டிருந்தார்.

அதோடு விட்டாரா? பள்ளியில் தண்ணீர் தரும் அக்காவுக்கு, வெந்நீர் அண்டா கவிழ்ந்து ஒரு பக்க முகம் வெந்திருந்தது. அவருக்குக் 'கிணத்துக்காரி' என்று பெயர் வைத்தார். சின்னப் பிள்ளைகள் அவர் கையால் தண்ணீர் வாங்க மறுத்து அழுதார்கள். பெற்றோர் புகார் செய்தார்கள். தலைமையாசிரியர் அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார். பேய் இல்லை என்று பாடம் நடத்தும் பள்ளி, உழைத்துப் பிழைத்த ஒருவரைப் பேய் என்று துரத்தியது. ஒரு வாத்தியாருக்கும் நாக்கு எழவில்லை.

பைண்டர் மடிப்பை வெட்டினார். கிணற்றில் தள்ளப்பட்ட பிள்ளைகளை வெளியே இழுத்தவளே அவள். தள்ளியவன் மாளிகைக்காரன். அதை ஊரில் சொல்லப் போனதற்குத்தான் முகத்தில் நெருப்பு.

தேதிச் சீட்டில் அறுபது முத்திரைகளாவது இருக்கும். ஒருவரும் மடிப்பைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை எங்கள் தெருக்கோடியில் இருக்கும் அந்த அக்காவின் வீட்டுக்குப் போனார். அக்கா சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

"லைப்ரரி பைண்டர்க்கா. உங்களுக்கு அந்தப் பேரை வச்சது நான்தான்."

ஊசி நிற்கவில்லை. "நாப்பது வருஷமா வழி தெரியலையாக்கும்?"

"கதையில அவ நல்லவக்கா. நேத்துதான் முழுசாப் படிச்சேன்."

"ஓ! அவ கெட்டவளாவே இருந்திருந்தா நீ வந்திருக்க மாட்டே, அப்படித்தானே?"

"மன்னிச்சிடுங்கக்கா."

"நான் யாருன்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லு." மூலையில் இருந்த கூடையைக் கண்ணால் காட்டினார். "பதினோரு பந்து கெடக்கு. உள்ள விழுந்தா எடுக்க ஒரு புள்ள வர்றதில்ல. பந்துகூட பயப்படாம வருது!"

அன்றிலிருந்து பைண்டர், அந்தப் பெயர் தான் கட்டிவிட்டது என்று சொல்லி வீடு வீடாக ஏறி இறங்குகிறார். "சின்ன வயசுல எல்லாரும் பண்றதுதானே, விடுங்க சார்" என்று சிரிக்கிறார்கள். அவரால் விட முடியவில்லை. பசைக் கிண்ணம் திறந்தபடியே காய்கிறது.

இந்தத் தெருக்காரர்களே, அந்தக் கூடையில் உங்கள் வீட்டுப் பந்தும் இருக்கலாம். பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள். முதலில் அவருடைய பெயரைக் கேளுங்கள். பிறகு அந்தப் பெயரைச் சொல்லிப் பந்தை வாங்கி வாருங்கள்.