பெண் பார்க்க வந்தவர்களுக்கு வைத்த ரொட்டி

பினாங்கில் திடகாத்திரமானவர்கள் ரொட்டி தின்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு இது விளங்கவே இல்லை. விடிந்ததும் ரொட்டிக்காரன் சைக்கிளில் மணியடித்து வருவான். மூட்டை தூக்குகிற ஆள்கூட வாங்கிப் பிய்த்துத் தின்றுகொண்டே வேலைக்குப் போவான். ரொட்டி தின்றுகொண்டிருந்த பக்கத்துக் கடைச் சீனரின் நெற்றியைத் தொட்டு, "காய்ச்சலா?" என்று கேட்டேன். எனக்குத்தான் பசி என்று நினைத்து அவர் பாதி ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தார். ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் கல்லல் பக்கம் ரொட்டி என்றால் காய்ச்சல்காரருக்குப் பாலில் நனைத்துக் கொடுப்பதுதானே.

மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் அந்த ரொட்டியை வைத்தே ஆளானேன். இரண்டு துண்டுக்கு நடுவே, வரமிளகாயும் சின்ன வெங்காயமும் போட்டுச் சுருள வதக்கிய நம் உப்புக்கறியை அடைத்துத் துறைமுகத்தில் விற்றேன். கப்பல்காரர்கள் அதை சான்ட்விச் என்றார்கள். மலாய்க்காரர்கள் 'ரொட்டி இந்தியா' என்றார்கள். அறுபதுகளின் கடைசியில் என் கடை வாசலில் வரிசை நின்றது. இதைத் தற்பெருமை என்பவர்கள் அந்த வரிசையில் ஒருநாள் நின்று பார்த்திருக்க வேண்டும்.

எழுபதுகளில், மகள் செல்லத்தாய்க்கு மாப்பிள்ளை பார்க்க ஊர் வந்தேன். பிள்ளை ஒல்லி. சீக்குக்காரி போல இருக்கிறாள் என்று ஓர் இடம் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தது. புதுவயல் அரிசி மில்காரர் வீட்டுச் சம்பந்தமும் கைநழுவினால் என்ன செய்வது என்று என் வீட்டுக்காரி சோறு இறங்காமல் கிடந்தாள். நான் தெம்பாகத்தான் இருந்தேன். பணியாரமும் கேசரியும் எல்லா வீட்டிலும் வைப்பது; பினாங்கையே கலக்கிய பண்டத்தை வைப்போம் என்று காரைக்குடி பேக்கரியில் ரொட்டி வாங்கி வந்தேன். நல்ல காரியத்துக்குக் கறி ஆகாது என்பதால், உருளைக்கிழங்கை அதே காரத்தில் வதக்கி அடைத்தேன். "வேணாங்க, சொன்னாக் கேளுங்க" என்றாள் வீட்டுக்காரி. கேட்கிற ஆளா நான்?

தட்டைக் கண்டதும் மாப்பிள்ளையின் தாயார் முகம் சுண்டிவிட்டது.

"ஏண்ணே, வீட்டுல ஆருக்கு மேலுக்கு முடியல?"

"ஆருக்கும் ஒண்ணுமில்ல தங்கச்சி. இது பினாங்குல..."

"பினாங்கு கெடக்கட்டும். பொண்ணு ஒடிசலா இருக்கு, வீட்டுல ரொட்டியும் இருக்கு. ஏண்ணே மறைக்கிறீக?"

மில்காரர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். கதவுக்குப் பின்னால் வீட்டுக்காரி விசும்புவது கேட்டது. மலாயிலும் சீனத்திலும் பேரம் பேசுகிற நான் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஒரு பண்டத்தை யார், எப்போது தின்னலாம் என்பதை ஊர்தான் முடிவு செய்கிறது. சமைக்கிறவன் எத்தனை பெரிய ஆளாக இருந்தால் என்ன?

செல்லத்தாயே வெளியே வந்தாள். எல்லாரும் பார்க்க ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்துத் தின்று முடித்தாள். இன்னொன்றை அந்த அம்மாளிடம் நீட்டினாள்.

"காய்ச்சக்காரி இம்புட்டுக் காரம் திம்பாளா அத்தை? நீங்களே பாருங்க."

அம்மாள் ஒரு கடி கடித்தார். கண்ணில் நீர் முட்டியது. "ஆத்தாடி! தண்ணி கொண்டாங்க!"

மில்காரர் மனைவியைப் பார்த்தபடி மறுபடி உட்கார்ந்துவிட்டார். "ஒன் வாயை அடைக்க இன்னைக்குத்தான் ஒரு ஆளு ஆம்பிட்டிருக்கு. பேச்சை முடிச்சிருவோம்."

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக் கறிவிருந்து. "ஒங்க ரொட்டியும் வேணும்" என்று சம்பந்தியே கேட்டிருந்தார். உப்புக்கறி அடைத்துத் தாம்பாளம் நிறையக் கொண்டுபோனேன். இலையில் உப்புக்கு ஓர் இடம், கறிக்கு ஓர் இடம், சோற்றுக்கு ஓர் இடம். பரிமாறிய பையன் ரொட்டியைக் கையில் ஏந்தியபடி என் இலைக்கு முன்னால் நின்றான்.

"பினாங்கு மாமா, இதை எங்குட்டு வைக்கிறது?"

கல்லலில் பிறந்தவன் நான். இலையை மேலும் கீழும் பார்த்தேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது, அவன் குனிந்தபடியே நின்றான்.