கேதத்துக்குப் போன குற்றம்

போன வாரம் ஐந்து கிழவர்கள் சேர்ந்து ஒரு பெண்ணை ஃபெயில் ஆக்கினோம். ஐந்தில் ஒருவன் நான். இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

சென்னையில் நான் படித்து, பிறகு பாடமும் எடுத்த உளப்பகுப்பாய்வுப் பயிற்சி நிறுவனம் அது. மாத்திரை கிடையாது, வருகிறவரைப் பேசவிட்டு வருடக்கணக்கில் கேட்கிற வைத்தியம். அதைக் கற்க வருகிறவரும் முதலில் தானே சோபாவில் படுத்துத் தன் மனதைக் கொட்ட வேண்டும். நல்ல மரபுதான். சுவர் முழுக்கக் குருமார்களின் படங்கள்... அவற்றுக்குக் கீழே உட்கார்ந்துதான் தீர்ப்புச் சொன்னோம்.

மும்தாஜ் உத்தமபாளையத்துக்காரர். தேனியில் ஓர் அறை எடுத்து, பயிற்சிக்காக ஒரு திராட்சைத் தோட்டக்காரரைப் பார்த்துவந்தார். (தொழிலை மாற்றித்தான் எழுதுகிறேன்.) அந்தத் தோட்டக்காரருடைய அம்மா இறந்துபோனார். மும்தாஜ் கேதம் கேட்க அந்தத் துக்க வீட்டுக்குப் போனார். பெண்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். அவ்வளவுதான்.

நோயாளியின் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பது எங்கள் விதி.

"நாளைக்கு அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போவீங்களா?" என்று மும்தாஜிடம் கேட்டார் எங்கள் ஐவர் குழுவின் தலைவர்.

"பத்திரிகை வெச்சா யோசிப்பேன் சார். கேதத்துக்குத்தான் பத்திரிகை கெடையாதே... சேதி தெரிஞ்சா போகணும். போகலைன்னா எங்க பக்கம் பகைன்னு அர்த்தம். பகையாளிகிட்ட யாராச்சும் மனசத் தொறப்பாகளா?"

தலைவர் சிரித்தார். அந்த நோயாளியோடு செய்த பயிற்சி செல்லாது, புது ஆளோடு முதலிலிருந்து தொடங்கட்டும் என்று முடிவு. கை தூக்கச் சொன்னார். தூக்கினேன். நானும் தொழில் செய்யும் இந்தத் தேனிப் பள்ளத்தாக்கில் எனக்குப் பிறகு இந்த வேலைக்கு இருக்கிற ஒரே ஆள் அவர் – தெரிந்தேதான் தூக்கினேன்.

ஏன்? அவரைப் பாஸ் செய்தால் நான் ஃபெயில் ஆக வேண்டுமே!

தேனிக்கு வந்த புதிதில் என்னிடம் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வந்துகொண்டிருந்தார். அவர் மனைவி இறந்தபோது ஊர்வலம் என் தெரு வழியாகத்தான் போனது. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். அவர் மறுபடி வரவே இல்லை. கடைவீதியில் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்.

அந்த ஜன்னலை ஒழுக்கத்துக்கு உதாரணமாக எங்கள் நிறுவனத்தில் இன்றும் பாடம் நடத்துகிறார்கள். நானே நடத்தியிருக்கிறேன். ஒரு மனிதரின் துக்கத்துக்கு முகத்தில் அடித்தாற்போல் ஜன்னலைச் சாத்தியதற்குப் பெயர் ஒழுக்கமா?

தேனிக்குத் திரும்பியதும் மும்தாஜிடம் போய் வருத்தம் தெரிவித்தேன்.

"எங்கிட்ட வருத்தப்பட்டு என்ன சார் ஆகப்போகுது? அங்கன கையத் தூக்கிட்டு, இங்கன வந்து கும்பிடுறீகளே!"

அங்கிருந்தே தலைவருக்கு போன் போட்டேன். "என் கையை இறக்கிக்கிறேன். மும்தாஜ் செஞ்ச பயிற்சி செல்லும்னு மாத்துங்க. இல்லேன்னா ஆசிரியர் பட்டியல்ல என் பேரை அடிச்சிடுங்க."

 தலைவர் மிருதுவான குரலில், "இந்தக் கோபம் நிஜமா யார் மேலன்னு யோசிச்சுப் பார்த்தீங்களா?" என்றார்.

எங்கள் தொழிலின் பழைய தந்திரம் இது. கோபப்பட்டவனையே நோயாளியாக்கிவிடலாம்.

யோசித்துவிட்டேன், ஐயா. முதலில் என் மேல். அடுத்து உங்கள் மேல்!