லூயிஸ் சுத்தம் செய்த இறால்

சாந்தோம் பங்கில் ஞானஸ்நான விருந்தென்றால், சாமியாருக்கு அடுத்தபடி ஆள் அனுப்பிக் கூப்பிடுவது லூயிஸைத்தான். தபால் ஆபீசில் அவர் சாதாரண குமாஸ்தா. இறால் கூடையின் முன் உட்கார்ந்துவிட்டால் ராஜா. ஓட்டை உரித்து, முதுகைக் கீறி, கறுப்பு நூல்போல் ஓடும் குடலை ஒரே இழுப்பில் உருவி எறிவார். குடலோடு இறால் கொடுப்பது விருந்தாளியைச் செருப்பால் அடிப்பதற்குச் சமம் என்பது அவர் கட்சி.

அவர் மனைவி நோரா கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தபடியே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். இறாலைப் பற்றி என்று மட்டும் வீட்டில் சொல்லியிருந்தாள். கடல் இறாலின் குடலிலும் குளத்தில் வளர்த்த இறாலின் குடலிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்களைப் பற்றி என்று சொல்லவில்லை. இறால் மலத்தைக் கிண்டுகிறேன் என்று எந்தப் பெண் புருஷனிடம் சொல்வாள், பாவம்.

1974இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோவளம் பக்கத்துக் குளத்திலிருந்து ஒரு டின், பட்டினப்பாக்கம் கரையிலிருந்து ஒரு டின் என்று உயிர் இறாலை அடுக்களையில் மூடி வைத்துவிட்டு நோரா பூசைக்குப் போனாள். குள இறால் கிடைக்காமல் நாளைக் கடத்திக்கொண்டே வந்தவள் அவள். திங்கட்கிழமையும் வெறுங்கையோடு வந்தால் உன் இடம் வேறொருவருக்கு என்று பேராசிரியர் சண்முகசுந்தரம் சொல்லிவிட்டிருந்தார். லூயிஸுக்கும் அது தெரியும். தெரிந்துதான் அந்த மனிதர் கத்தியை எடுத்தார். பெரிய மனிதருக்குப் போகிற இறாலை அசிங்கமாகவா அனுப்புவது?

நோரா திரும்பி வந்தபோது இரண்டு டின் இறாலும் மஞ்சள் தடவி ஒரே தட்டில் பளபளத்தன. குடலெல்லாம் பூனை வயிற்றில். அவள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். லூயிஸை வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் நானே வந்து சொல்கிறேன் என்று அவளோடு அடையாறில் இருந்த பேராசிரியரின் ஆய்வுக்கூடத்துக்கு பஸ் ஏறினார். சண்முகசுந்தரம் சுத்த சைவம். இறாலைக் கண்ணாடிப் புட்டிக்கு வெளியே அதிகம் பார்த்தறியாதவர். லூயிஸ் நடந்ததையெல்லாம் ஒப்பித்தார்.

"அப்போ, சாப்பிடறவங்க குடலை எடுத்துப் போட்டுடுவாங்களா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"பின்ன இன்னா சார், அதையுமா துன்னுவாங்க?"

பேராசிரியரின் முகம் சுண்டிப்போயிற்று. இறால் குடலில் இருப்பதெல்லாம் ஜனங்களின் வயிற்றுக்குள் போகிறது என்று மேடை மேடையாக முழங்கியவர் அவர். நீ ஏனம்மா சொல்லவில்லை என்று நோராவைக் கேட்டார்.

"நீங்க கேக்கலை சார்."

பேராசிரியரின் பார்வை லூயிஸின் விரல்கள்மேல் விழுந்தது. வயிற்றுக்குப் போகாவிட்டால் உரிக்கிறவர் கைக்காவது போயிருக்க வேண்டுமே என்றார் மெதுவாக. அதையும் சேர்த்து ஆராயச் சொல்லி, இடத்தை நோராவிடமே விட்டார்.

அடுத்த வாரம் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து லூயிஸ் புதிதாக வந்த இரண்டு டின் இறாலையும் உரித்தார். குடல் ஒன்றுகூட வீணாகாமல் நோரா தனித்தனிப் புட்டியில் வாங்கிக்கொண்டாள். கை கழுவ எழுந்தவரை ஓடிவந்து தடுத்தாள். நாற்றமடித்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, பாக்டீரியா வளர்க்கும் தட்டில் பதமாக அழுத்தினாள். கல்யாணத்தன்றுகூட அவள் அந்தக் கையை அவ்வளவு ஆசையாகப் பிடித்ததில்லை.