மருந்து ஊற்றாத டேங்க்

திண்டிவனம் செஞ்சி ரோட்டில் முப்பது வருஷமாக உரமும் பூச்சிமருந்தும் விற்கிறேன். தோளில் மாட்டிப் பயிருக்கு மருந்தடிக்கிற டேங்க் வாங்க வருகிறவர்கள், எத்தனை லிட்டர் பிடிக்கும், வாஷர் சீக்கிரம் தேயுமா, வார் அறுந்தால் தனியாகக் கிடைக்குமா என்றுதான் கேட்பார்கள். 1998 ஆவணியில் வந்த ஒரு பெண் மட்டும் டேங்கின் வாயில் மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டு, "இதுல யாரும் இதுவரிக்கும் மருந்து ஊத்தலியேண்ணா?" என்று கேட்டார்.

"புதுச் சரக்கும்மா. இப்பதான் பொட்டியிலேந்து எடுத்தேன். எந்தப் பயிருக்கு?"

"பல்லுக்கு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வியாபார நேரத்தில் யாராவது கிண்டல் செய்தால் எனக்குப் பிடிக்காது. நான் மற்றவர்களைக் கிண்டல் செய்வது வேறு விஷயம்.

ஆனால் அவர் கிண்டல் செய்யவில்லை. அப்பாவின் நிலத்துக்கு வாங்குகிறார் என்று நானாக நினைத்ததுதான் தப்பு. அவர் சூர்யகலா. வல்லம் பக்கத்தில் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் அப்பாதுரையின் மகள். பல் டாக்டருக்குப் படித்து முடித்து, தன் முதல் கிளினிக்குக்காக என் கடைக்கு மேலே இருக்கும் மாடி அறையை வாடகைக்கு எடுத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

அந்தப் பத்து நாளிலேயே ஒருமுறை என்னை வாயடைக்க வைத்துவிட்டார். சென்னையில் யாரோ பயன்படுத்திய பல் நாற்காலி ஒன்று மினி லாரியில் வந்து இறங்கியது. எங்கள் மாடிப்படி நடுவில் திரும்பும். நாலு ஆள் தூக்கியும் திருப்பத்தில் நாற்காலி போகவில்லை. திரும்பக் கொண்டுபோய்விடலாம் என்று டிரைவர் சொல்லிவிட்டார். இந்தப் பெண் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ரோட்டோரத்திலேயே உட்கார்ந்தார். ஒரு வெள்ளை பெட்ஷீட்டை விரித்து, கழற்றிய ஒவ்வொன்றையும் வரிசையாக வைத்து, சாக்பீஸால் நம்பர் போட்டார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் மாடியில் நாற்காலி முழுசாக நிற்கிறது, ஏறுகிறது, இறங்குகிறது. ஒரு நட்டு மிஞ்சவில்லை. நான் சைக்கிள் செயினைக் கழற்றி மாட்டினாலே இரண்டு மிஞ்சும்.

டேங்க் எதற்கு என்று விளக்கினார். பல்லைக் குடையும் மிஷினோடு தண்ணீரும் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் சூட்டில் பல் கெட்டுவிடுமாம். மேல்தொட்டி அவர் தலைக்கு நாலடி உயரத்தில்தான் இருந்தது, தண்ணீரில் வேகமே இல்லை. போதாததற்கு எங்கள் போர் தண்ணீர் உப்பு. மிஷினில் தண்ணீர் வரும் ஊசிமுனை ஓட்டை நாலே நாளில் அடைத்துவிட்டது.

"மல்லாட்டைக்கு மருந்தடிக்கறப்ப நாலு தபா அடிச்சி வச்சிட்டா, அப்புறம் அதுவா பீய்ச்சிக்கினே இருக்கும் இல்லண்ணா? எங்கப்பா பின்னாடியே நடந்துக்கினு பாத்திருக்கேன். அதான் நெனப்பு வந்துச்சி."

நல்ல தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டி அந்த டேங்கில் ஊற்றினார். கையால் அடித்துக் காற்றை ஏற்றினார். குழாயை நாற்காலியோடு இணைத்தார். மிஷினின் முனையிலிருந்து புகைபோல மெல்லிய நீர் வந்தது. அந்த மாதிரி டேங்க் நான் எத்தனை ஆயிரம் விற்றிருப்பேன். அதற்குள் இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் இதையேதான் பேசிக்கொண்டிருந்தேன்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை இல்லாதது.

முதல் சில வாரம் ஒன்றிரண்டு பேர் வந்தார்கள். டவுன்காரர்கள், டேங்கை யாரும் கவனிக்கவில்லை. ஐப்பசியில் பெருமுக்கல்லிலிருந்து கெங்கம்மாள் வந்தார். நாலு காணி வைத்துப் பயிர் செய்யும் குடும்பம், என் பழைய வாடிக்கை. கடைவாய்ப் பல் வலியில் கன்னம் பூரி மாதிரி வீங்கியிருந்தது. மாடிக்குப் போனவர் ஐந்தே நிமிஷத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கி, நேரே என் கடைக்குள் வந்தார்.

"ந்தா பூவரசா, மாடியில நாக்காலி பக்கத்துல நிக்கிற டேங்கு இன்னா டேங்கு?"

எங்கள் பக்கத்தில் அந்த டேங்கைத் தொட்ட கையோடு யாரும் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி கழுவி, மோந்து பார்த்துவிட்டுத்தான் வட்டிலைத் தொடுவார்கள். அதைத் தெரிந்தவன் நான். ஒரு வார்த்தை நல்லவிதமாகச் சொல்லியிருக்கலாம். என் நாக்கில் சனி.

"உங்க வூட்ல கீதே, அதே டேங்குதான். நான்தான் வித்தேன். மல்லாட்டைக்கு அடிக்கிறத இப்ப பல்லுக்கும் அடிக்கிறாங்க," என்று சொல்லிச் சிரித்தேன்.

கெங்கம்மாள் சிரிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போவதற்குள் எத்தனை பேரிடம் சொன்னாரோ, மறுநாள் முதல் மாடிப்படியில் செருப்புச் சத்தமே இல்லை. ஐப்பசி போய், கார்த்திகை போய், மார்கழி பிறந்தது. டாக்டரம்மா தினமும் ஒன்பது மணிக்கு வந்து டேங்கில் புதுத் தண்ணீர் ஊற்றி, வெள்ளைக் கோட்டு போட்டு, சன்னலோரம் உட்கார்ந்திருப்பார். கீழே எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்தான் சொன்னேன் என்று அவரிடம் சொல்லத் தைரியமும் இல்லை.

அப்பாதுரை ஒருநாள் வந்தார். "தை பொறக்கட்டும்மா. அதுக்குள்ள ஆளு வரலன்னா இதெல்லாம் ஏறக்கட்டிட்டு மெட்ராஸ்ல எங்கனா வேலைக்குப் போயிடு," என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

அன்று மாலை நானே மேலே போனேன். "டாக்டரம்மா, ஒரு ஸ்கிரீன் கட்டி அந்த டேங்க மறச்சிடுங்க. ஊரு வாய் பேஜாரு புடிச்சது," என்றேன்.

"மறச்சா, அவங்க நெனச்சது நெசம்னு ஆயிடும்ண்ணா." டேங்கின் மூடியை இறுக்கிக்கொண்டே கேட்டார். "திங்கக்கெழம உங்க கடைல கூட்டம் இருக்குமில்ல?"

"இருக்கும்."

திங்கட்கிழமை பதினோரு மணி. கடை வாசலில் முப்பது பேர் இருப்பார்கள், எல்லாம் விவசாயிகள், கெங்கம்மாளும் இருந்தார், கன்னம் மறுபடி வீங்கியபடி. டாக்டரம்மா அந்த டேங்கைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். என் மேஜைமேல், பூச்சிமருந்து டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்தார். கையால் அடித்துக் காற்றேற்றினார். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் பீய்ச்சிப் பிடித்தார். அண்ணாந்து மடமடவென்று குடித்தார்.

ஒரு கிழவர் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

அவர் டம்ளரை மறுபடி நிரப்பி என்னிடம் நீட்டினார். "குடிங்கண்ணா."

முப்பது ஜோடிக் கண்கள் என்மேல். அந்த டேங்கைப் பெட்டியிலிருந்து எடுத்தவன் நான். அதில் ஒரு சொட்டு மருந்து பட்டதில்லை என்று உலகத்திலேயே நிச்சயமாகத் தெரிந்த இரண்டாவது ஆள் நான். எனக்கே பயம் வந்தது. டம்ளர் விளிம்பு பல்லில் இடித்தது. இந்தப் பயத்தைத்தான் வாய்க்குள் வைத்துக்கொண்டு கெங்கம்மாள் ஓடி வந்தார், அதைப் பார்த்துத்தான் நான் சிரித்தேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். வெறும் தண்ணீர், கொதித்து ஆறின சுவை.

முதலில் நகர்ந்தவர் கெங்கம்மாள்தான். என்னை ஒருமுறை முறைத்துவிட்டு, டாக்டரம்மாவுக்கு முன்னால் படியேறினார். பொங்கலுக்குள் மாடிப்படியில் செருப்பு வைக்க இடமில்லை. செஞ்சியிலிருந்து, மரக்காணத்திலிருந்து எல்லாம் வந்தார்கள். புதிதாக வந்தவர் யார் டேங்கைப் பார்த்துத் தயங்கினாலும், டாக்டரம்மா ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துக் காட்டுவார். வருஷக்கணக்காக இது நடந்தது. படிப்பு பலரிடம் இருக்கும். இப்படி ஒரு நெஞ்சுத் துணிச்சலை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

2011இல் புது நாற்காலி வாங்கினார். கொண்டுவந்து மாட்டிய கம்பெனி ஆள், பக்கத்தில் தொங்கிய ஒரு பாட்டிலைக் காட்டி, இதில் நல்ல தண்ணீர் ஊற்றினால் காற்றழுத்தத்தில் தானாகவே போகும், ஊர்த் தண்ணீர் எப்படி இருந்தாலும் கவலையில்லை என்று அரை மணி நேரம் பெருமையாக விளக்கினான். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை, திரும்பியிருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம்.

அந்தப் புது நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவன் நான். பதின்மூன்று வருஷம் கிராம்பை வைத்துக் கடித்தே சமாளித்துவிட்டேன், எந்த முகத்தோடு அவர் முன்னால் உட்காருவது என்று. இப்போது பல் என் கூச்சத்தையெல்லாம் கேட்கவில்லை. விளக்கு முகத்தில் விழுந்ததும் சொல்லிவிட்டேன்.

"டாக்டரம்மா, அன்னிக்கு கெங்கம்மாகிட்ட அந்த டேங்க பத்தி நக்கல் பண்ணது நான்தான். ஊரு பூரா பரவுனது என்னாலதான்."

அவர் கையுறையை மாட்டிக்கொண்டே இருந்தார்.

"தெரியும்ண்ணா. அந்தம்மா திரும்பி ஓடுனதுமே பின்னாடியே படியெறங்கி வந்தேன். நீங்க சொன்னது, சிரிச்சது, எல்லாம் கேட்டுச்சி. அதனாலதான் உங்க கடை வாசல்ல குடிச்சேன். நான் மட்டும் குடிச்சா யாரும் நம்பமாட்டாங்க. மருந்து விக்கிற நீங்க குடிச்சாதான் நம்புவாங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியைக் கையில் எடுத்தார்.

"ஜல்தியா வாயத் தொறங்க. வெளிய ஆளுங்க காத்துக்கினு கீறாங்க."