வாளப்பளமும் வாயப்பயமும்

என் மகள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவள் சொன்ன சொற்களைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். நான்கு வயதில் அவளுக்கு மரம் 'மயம்', ரெண்டு 'யெண்டு', பல்லி 'பய்யி'. எதிரே என் கையெழுத்தில் ஒரே குறிப்பு: 'தாய்மாமன் வீட்டுப் பேச்சு.' இதைவிட முட்டாள்தனமாக நான் எதையும் எழுதியதில்லை.

நான் தெற்கிலிருந்து நெய்வேலிக்குச் சுரங்க வேலைக்கு வந்தவன். என் வாயில் வாழைப்பழம் வாளப்பளம். மனைவிக்குத் திருவதிகைப் பக்கம். அவள் அண்ணன் வாயில் அது வாயப்பயம். அவர் அதே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி, நான் பெர்மனென்ட். இருவரும் அதை ஒருநாளும் மறந்ததில்லை. ஞாயிறுதோறும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வருவார். காபி ஆறுவதற்குள் தொடங்கிவிடும்.

"இன்னா மாப்ள, புள்ள இன்னும் கொயகொயன்னே பேசிகினு கெடக்குது? உங்க ஊரு நாக்கு அப்படியே வந்துடுச்சு."

"எங்க ஊர்ல மரத்த மயம்னு யாரும் சொல்ல மாட்டாக, மச்சான். எதுக்கெடுத்தாலும் ய போடுறது உங்க ஊரு வழக்கம்."

"பெர்மனென்ட் ஆளு சொன்னா செரியாத்தான் இருக்கும்."

யு.கே.ஜி.யில் அவளைப் பாட்டுச் சொல்லச் சொன்னார்கள். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து பள்ளியில் வாயைத் திறக்கவில்லை. பிறகு, வீட்டுக்கு யார் வந்தாலும் திறக்கவில்லை. "டாக்டர்கிட்ட காட்டலாங்க" என்றாள் மனைவி. நான் மறுத்தேன். போனால் என் பிள்ளையிடம் குறை இருப்பதாக அவள் அண்ணனிடம் நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். உண்மையான காரணம் அதுதான்.

கோடை விடுமுறையில் பிளாக் முனையில் பிள்ளைகள் திராட்சை ஐஸ் தின்றுகொண்டிருந்தார்கள். யார் நாக்கு அதிகம் ஊதா என்று ஒருவருக்கொருவர் நீட்டிக் காட்டினார்கள். என் மகளும் வாயைத் திறந்தாள். நாக்கு கீழ்ப்பல்லைத் தாண்டவில்லை. இழுத்துப் பிடித்ததுபோல் நுனி நடுவில் குழிந்து இரண்டாகத் தெரிந்தது. "இவளுக்கு நாக்கே இல்லடா!" என்றான் ஒருவன்.

மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போனோம்.

"நாக்குக்கு அடியில இருக்கிற சவ்வு குட்டையா இருக்கு" என்றார் மருத்துவர். "இப்படி இருக்கிற எல்லாருக்கும் பேச்சு கெடாது. இவளுக்குக் கெட்டிருக்கு. இத்தனை நாள் யாருமே வாய்க்குள்ள பாக்கலையா?"

மனைவி என்னைப் பார்த்தாள். இத்தனை வருடம் உட்கார்ந்து கேட்டு எழுதியவன் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

மயக்க மருந்து கொடுத்துச் சவ்வை வெட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபிறகும் மரம் மயமாகத்தான் இருந்தது. மாதக்கணக்கில் பயிற்சி: மேலுதட்டில் ஜாம் தடவி நக்கச் சொல்வது, நுனிநாக்கை மேல்பல்லுக்குப் பின்னால் வைத்துத் தட்டச் சொல்வது. கண்ணாடி முன்னால் தனியாக நின்றால் ர வந்தது. வெளியாள் யாராவது இருந்தால் பழையபடி வாய் மூடிக்கொண்டது. "சத்தம் வந்துடுச்சு. இனி பயம் போகணும்" என்றார் பயிற்சி கொடுத்தவர்.

ஒரு ஞாயிறு மச்சான் மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தார்.

"நான் அப்பவே சொன்னேன், நாக்குலதான் கோளாறுன்னு."

"நீங்க சொன்னது எங்க ஊரு நாக்க."

"ஊரு நாக்கோ உங்க நாக்கோ, யாரு சொன்னது செரியா போச்சு?"

"வாயப்பயம்னு சொல்ற ஆளு பேச்சப் பத்திப் பேசக் கூடாது, மச்சான்!"

"எந்த ஆளு மாப்ள? கான்ட்ராக்ட் ஆளா?" அவர் எழுந்தார். நானும் எழுந்தேன்.

"ரெண்டு பேரும் வாய மூடுங்க!"

மகள் கட்டிலோரம் நின்றிருந்தாள். ர சுத்தமாக இருந்தது. அவள் முகத்தில் எங்கள் இருவர்மேலும் ஒரே அளவு வெறுப்பு. மனைவி அவளை அதட்டவில்லை. மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். இன்றுவரை எந்த ஞாயிறும் வரவில்லை. மகள் இப்போது எல்லோர் முன்னாலும் பேசுகிறாள். என்னிடம் மட்டும், கேட்டதற்குத்தான் பதில்.